சுவரில் தொங்கிய முதல் வேடம்

மக்கா நீலகண்டா,

நாளைக்கு நீயும் உமாவும் மெட்ராஸ் மெயிலில் ஏறப் போகிறீர்கள். போவதற்கு முன்னால் உன்னை உட்கார்த்தி வைத்து நாலு வார்த்தை பேசலாம் என்று பார்த்தால், வீட்டில் எங்கே விடுகிறார்கள்? உன் அம்மா முறுக்கு டின்னைக் கட்டுகிறாள், அவிழ்க்கிறாள், இன்னும் கொஞ்சம் திணித்து மறுபடியும் கட்டுகிறாள். உன் மாமனார் கோட்டாறிலிருந்து அனுப்பிய கருப்பட்டிப் பெட்டி நடுக்கூடத்தில் வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறது. அதைத் தாண்டித் தாண்டி என் முழங்கால் போயிற்று. அதனால் ஆரியசாலைக் கடைக்கு வந்து, வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இத்தனை வருஷம் வத்தலும் மல்லியும் விற்றும் இந்தத் தும்மல் மட்டும் எனக்குப் பழகவே இல்லை. எழுத்து அங்கங்கே கோணியிருந்தால் தும்மல் என்று எடுத்துக்கொள். வேறு எதையாவது நினைத்துக்கொண்டு ரயிலில் கண்ணைக் கசக்காதே.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நிம்மதியாக எழுத வரும். போன வாரம் மெட்ராஸிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் உன்னைப் பேட்டி எடுக்க வந்தார் அல்லவா? 'உங்க முதல் படம் எது சார்?' என்று கேட்டார். நீ பொன்முடியில் எடுத்த படத்தைச் சொன்னாய். 'அதுக்கு முன்னால?' என்றார். 'சின்னச் சின்னதா உண்டு, சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல' என்றாய். நான் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன், பித்தானைத் தப்பான துளையில் போட்டுவிட்டேன். எலே, சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லையா? உன் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது எதனால்? அந்த முதல் வேடத்தால்தானே? டைட்டிலில் பேர் வந்தால்தான் படம், வராவிட்டால் அது படமே இல்லை என்று மெட்ராஸ்காரன் நினைத்துக்கொள்ளட்டும். நீ நினைக்கக் கூடாது. உனக்கு மறந்துபோயிருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். மறக்காமல் மறைத்திருந்தால், இதை இரண்டு வாட்டி படி.

உனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பி.ஏ.வில் பொருளாதாரம் உன்னைக் கைவிட்டு, நீ கடையில் தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்ற சமயம். சினிமா ஸ்டுடியோவில் வேலை பார்க்கிற வாசு ஒரு நாள் காலிச் சாக்கு கேட்டு வந்தார். ஸ்டுடியோவில் ஆர்ட் டிபார்ட்மெண்ட்டும் அவர்தான், படத்துக்கு வேண்டிய கட்டில், கண்ணாடி, கடிகாரம், சாமி படம் எல்லாம் அடைத்து வைக்கிற ப்ராப்பர்ட்டி ரூமின் சாவியும் அவரிடம்தான். ஏதோ கிட்டங்கி சீனுக்குச் சாக்கு வேண்டும் என்று வந்தவர், சாக்கைப் பார்க்காமல் உன்னைப் பார்த்தார். 'அண்ணாச்சி, இவன்றெ முகம் கொள்ளாம் கேட்டோ! ஒரு போட்டோ எடுத்தோட்டே?' என்றார். முகம் நன்றாக இருக்கிறது, ஒரு போட்டோ எடுக்கட்டுமா என்று. எதற்கு என்றேன். 'சினிமாவில சுவரில தூக்கான். நாயிகையோட மரிச்சுபோன பர்த்தாவு' என்றார். சுவரில் மாட்டுவதற்காம், கதாநாயகியின் செத்துப்போன புருஷனாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உன் முகத்தைப் பார்த்தேன். பொருளாதாரம் போன நாளிலிருந்து அப்படி ஒரு வெளிச்சம் அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. சரி, ஒரு போட்டோதானே, போய்த் தொலை என்றேன். சொல்லிவிட்டு மனசு கேட்காமல், கடையைப் பாதி சாத்திவிட்டு உங்கள் பின்னாலேயே வந்தேன்.

சாலைக் கடைத்தெருவில் அந்த போட்டோ ஸ்டுடியோ. உன்னை ஸ்டூலில் உட்கார்த்தி, லைட் போட்டு, தாடையைத் தூக்கு என்றார்கள். எல்லாப் பிள்ளைகளும் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிரண்டு பார்ப்பார்கள். நீ என்ன செய்தாய்? வாசுவைப் பார்த்து, 'அண்ணே, இந்த ஆளு எப்படிச் செத்தாரு?' என்று கேட்டாய். வாசுவுக்கு ஒன்றும் புரியவில்லை. 'சத்து, அத்ரதன்னெ! போட்டோவுக்கு அது எந்தினா?' என்றார். செத்தான், அவ்வளவுதான், போட்டோவுக்கு அது எதற்கு என்று. நீ விடவில்லை. 'நோயில கிடந்து செத்தவருன்னா முகம் வேற அண்ணே. திடீர்னு போனவருன்னா வேற. இந்த போட்டோ எடுக்கும்போது சாகப் போறோம்னு அவருக்குத் தெரியுமா, தெரியாதா?' என்றாய். வாசு தலையில் அடித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய் சினிமா ஸ்டுடியோவுக்குப் போன் போட்டார். திரும்பி வந்து, 'வள்ளம் மறிஞ்ஞு சத்தது. மதியோ?' என்றார். படகு கவிழ்ந்து போனவன். 'அப்போ ஒண்ணும் தெரியாத ஆளு' என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டாய். பிறகு கேமராவைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாய், மக்கா. கேமராவுக்குப் பின்னால் உன் பெண்டாட்டி நின்று ஏதோ கேலி சொன்ன மாதிரியும், பதிலுக்கு நீ ஒன்று சொல்ல வாய் எடுக்கிற மாதிரியும். சிரிப்பு பாதிதான் வந்திருந்தது. அந்த இடத்தில் 'கிளிக்' என்றது. நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். நான் பெற்ற பிள்ளைமேல் எனக்கு முதல் தடவையாக ஒரு பயம் கலந்த மரியாதை வந்தது அப்போதுதான். உன்னிடம் சொல்லவில்லை. 'வா, கடை திறக்கணும்' என்று மட்டும் சொன்னேன்.

படம் வந்தபோது மூன்று பேரும் போனோம். உன் அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டாள், ஏதோ நிச்சயதார்த்தத்துக்குப் போகிற மாதிரி. டைட்டில் ஓடும்போது நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். கேமராக்காரர் பேர் வந்தது, சமையல்காரர் பேர்கூட வந்தது, உன் பேரைக் காணோம். கடைசியில் 'மற்றும் பலர்' என்று மலையாளத்தில் ஓடியபோது நீ என் விலாவில் இடித்து, 'அப்பா, அந்தப் பலர்ல ஒருத்தன் நான்' என்றாய். அதை நீ வருத்தமாகச் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுச் சுவர் வந்தது. அரை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சந்தன மாலை போட்டு, நெற்றியில் பொட்டு வைத்து, கீழே விளக்கேற்றி நீ தொங்குகிறாய். கதாநாயகி வந்து நின்று தேம்பித் தேம்பி அழுகிறாள். உன் அம்மா 'ஐயோ, எம் பிள்ளை!' என்று போட்ட சத்தத்தில் தியேட்டரே திரும்பியது. 'அம்மா, நான் இங்கதான் இருக்கேன்' என்று நீ அவள் கையைப் பிடித்து உன் கன்னத்தில் வைத்துக்கொண்டாய். அவள் கேட்டால்தானே? படம் முடிகிறவரை சுவரில் இருக்கிற உன்னைப் பார்க்க மாட்டாமல், பக்கத்தில் இருக்கிற உன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் என்னை இழுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள். ஆட்டோவில் இருந்து இறங்கினதும் நேரே ப்ராப்பர்ட்டி ரூம். 'எம் பிள்ளை போட்டோவைக் குடு' என்றாள். வாசு மரியாதையான ஆள், எழுந்து நின்று பேசினார். 'அம்மே, அது ஸ்டுடியோன்றெ வக. எனிக்கு எடுத்துத் தரான் பற்றில்ல' என்றார். ஸ்டுடியோவுக்குச் சொந்தமாம், அவர் எடுத்துத் தர முடியாதாம். 'ஒனக்குப் பிள்ளை உண்டா?' என்றாள் இவள். 'உண்டு.' 'அவன் போட்டோவுக்கு மாலை போட்டு வெளக்கேத்தி வை. நான் நின்னு பாக்கேன்.' பாவம், அந்த மனுஷன் ஆடிப்போனார். பிணமாகப் படுத்து நடித்தவர்களை ஷாட் முடிந்ததும் எழுப்பி, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்புவது சினிமாக்காரர்கள் வழக்கமாம், அப்படிச் செய்தால் தோஷம் ஒட்டாதாம், அதை எடுத்துச் சொன்னார். அம்மா அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டாள். 'அப்போ எம் பிள்ளை எப்போ சிரிக்கது?' 'போட்டோவில அவன் நேரத்தேதன்னெ சிரிக்குன்னுண்டல்லோ, அம்மே!' என்றார் வாசு. ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதானே இருக்கிறான் என்று. என்னால் அடக்க முடியவில்லை, வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். கடைசியில் அவர் மாலையை எடுத்து, பொட்டைத் துடைத்து, போட்டோவைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார். இனி எடுக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

எடுக்காமல் இருப்பாரா? ஊரில் அத்தனை படக் கம்பெனிக்கும் ஒரு செத்தவன் தேவைப்படுகிறான். மற்ற போட்டோக்கள் எல்லாம் ரேஷன் கார்டு முகங்கள். உன்னுடையது ஒன்றுதான் பார்த்ததும் 'அடடா, இவன் போய்விட்டானே' என்று நெஞ்சைப் பிடிக்கும். கேட்டவர்களுக்கு எல்லாம் வாசு எடுத்துக் கொடுத்தார். நீ நன்றாகச் செய்ததுதான் வினையாகப் போயிற்று. ஒரு படத்தில் அண்ணன், ஒரு படத்தில் மாமன். ஒரு படத்தில் கண்ணாடி போட்டு வக்கீலாக்கினார்கள். இன்னொன்றில் கதாநாயகனுக்கு என் வயசு இருக்கும், அவருக்கு நீ அப்பா! போட்டோவில் பிரஷ்ஷால் ஒரு முறுக்கு மீசை வரைந்து, தலையில் கொஞ்சம் வெள்ளை அடித்திருந்தார்கள். அந்த மனுஷர் உன் முன்னால் நின்று 'அச்சா!' என்று கதறும்போது தியேட்டரில் நான் ஒருத்தன்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எங்கே உன் படம் ஓடுகிறது என்று விசாரித்துக்கொண்டு நீயும் போய்ப் பார்த்தாய். வெட்டிச் செலவு என்று திட்டினேன். 'அப்பா, எல்லாரும் என்னைப் பாத்துத்தான அழறாங்க. யாரு நெசமா அழறாங்க, யாரு வெறும் சத்தம் போடுறாங்கன்னு எனக்கு முன்வரிசையில இருந்து தெரியுது' என்றாய். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. அந்தப் போட்டோ இன்றைக்கும் வாசுவிடம்தான் இருக்கிறது. இன்னும் எத்தனை படத்தில் சாகப் போகிறாயோ, தெய்வத்துக்குத்தான் வெளிச்சம்.

நடுவில் உயிருள்ள வேடங்களும் வந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஹோட்டலில் காபி வைத்துவிட்டுப் போகிறவன், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் தலை, 'சார், ஜீப் ரெடி' என்கிற போலீஸ்காரன். அந்த 'ஜீப் ரெடி'யை நீ வீடு முழுக்க நடந்து நடந்து சொல்லிப் பார்த்ததும், உன் அம்மா அடுக்களையிலிருந்து 'எந்த ஜீப்புலே?' என்று கேட்டதும், 'அதுதான் அம்மா எனக்கும் தெரியணும், நல்ல செய்திக்குப் போற ஜீப்பா கெட்ட செய்திக்குப் போற ஜீப்பா' என்று நீ சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. எதிலும் உன் பேர் வரவில்லை. ஒரு நாளாவது முகம் சுண்டி உட்கார்ந்தாயா? இல்லை. நானாக இருந்தால் ஸ்டுடியோ வாசலில் சண்டை போட்டிருப்பேன். மெட்ராஸிலும் பேரைச் சின்னதாகப் போடுவார்கள், பின்னால் தள்ளுவார்கள், போடாமலும் விடுவார்கள். நீ இங்கே இருந்த மாதிரியே அங்கேயும் இரு. ஒன்று மட்டும் கேள். சாகிற வேடம் வந்தால் படம் வருகிறதற்கு முன்னால் உமாவிடம் சொல்லிவிடு. அம்மாவிடம் சொல்லாதே, அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏற எனக்குத் தெம்பு இல்லை.

இனி கல்யாண விஷயம். அது நின்றுபோகப் பார்த்த அன்றைக்குக் காலையில் நம் வீட்டில் நடந்தது முழுசாக உனக்குத் தெரியாது. கோட்டாறில் நிச்சயதார்த்தம் நன்றாகத்தான் நடந்தது. உமாவை நீ பார்த்ததும், பார்க்காத மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டதும், வீட்டுக்கு வந்து சாப்பாட்டை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததும் நான் கவனித்தேன். வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும் உன் மனசு எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை சினிமாவிலும் தலை காட்டுவான் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தோம். அதை ஏதோ பொழுதுபோக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் உமாவின் அத்தை, அதாவது உன் மாமனாரின் அக்கா, மார்த்தாண்டத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில் மலையாளப் படத்துக்குப் போயிருக்கிறார். வெள்ளைப் புடவையில் ஒரு சின்னப் பெண் விளக்கேற்றுகிறாள், மேலே பார்த்தால் மாலையும் பொட்டுமாக உமாவைக் கட்டப்போகிற மாப்பிள்ளை! அத்தை அங்கேயே சாய்ந்துவிட்டார்.

நீ அப்போது பொன்முடி மலையில், ஷூட்டிங்கில். டைட்டிலில் பேர் போடுகிறோம் என்று சொல்லிக் கூப்பிட்ட முதல் படம், ஜீப் டிரைவர் வேடம், கடைசிவரை உயிரோடு இருக்கிற ஆள். நீ போன மறுநாளே வாடகைக் காரில் உன் மாமனாரும் அத்தையும் வந்து இறங்கினார்கள். காபியைத் தொடவில்லை. 'அண்ணாச்சி, நான் சுத்தி வளைச்சுப் பேச விரும்பல்ல' என்றார் உன் மாமனார். 'பையன் தங்கமான பையன், அதுல மாத்தம் இல்ல. ஆனா எம் மகளுக்குத் தாலி கட்டப் போறவன் ஊர் ஊரா மாலையோட தொங்கிக்கிட்டு இருக்கான். கேட்டியளா? எங்க சொந்தத்துல எல்லாரும் கைகொட்டிச் சிரிக்காவ. சிரிப்பைக்கூட விடுங்க. பெத்தவனுக்கு மனசு கிடந்து அடிக்கு.' அத்தை உன் அம்மா பக்கம் திரும்பி, 'சோடா தெளிச்சுத்தான் என்னை எழுப்பினாவ மைனி. உமாகிட்ட சொன்னா, அவ என்னன்னா, போட்டோல நல்லாத்தான இருக்காவன்னு சிரிக்கா. புத்தி இருக்கா பாருங்க' என்றார். அந்த நேரத்திலும் உன் அம்மாவின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. எனக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

'சினிமாவ விட்டுருவான், கடையில இருப்பான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி. இன்னைக்கே பத்திரிகை அடிக்கக் குடுத்துருதேன். இல்லேன்னா இதோட நிறுத்திக்கிடுவோம், யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம்' என்று முடித்தார் உன் மாமனார். பொய் சொல்வானேன், மக்கா, 'சரி' என்கிற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. நீ கடையில் நின்றால் எனக்குக் கசக்குமா? உன் அம்மாவோ கண்ணாலேயே என்னைக் கெஞ்சுகிறாள், சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று. போட்டோவில் அந்த மாலையைப் பார்த்த நாளிலிருந்து அவள் நேர்ந்துகொள்ளாத சாமி இல்லை. நீ சினிமாவை விட்டால் அவளுக்கும் உயிர் வரும், கல்யாணமும் நடக்கும். ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நான் எடுத்துக் கொடுத்துவிட்டால், நீ இறங்கி வந்து என் முகத்தைப் பார்ப்பாயே, அப்போது நான் என்ன செய்வேன்? 'வாக்கு அவன் குடுக்கணும் சம்மந்தி. தொழில் அவனுது' என்றேன். உன் மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'அவன் எப்போ வருவான்?' 'படம் முடிஞ்சு.' 'கார் நிக்கு. வாங்க, போவோம்' என்று எழுந்தார்.

வித்துரா தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் அத்தை 'முருகா' என்றார்.  மேலே போனால் பனி மஞ்சு மூடிக் கிடக்கிறது. எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் ஒரு வீட்டு வாசலில் கூட்டம், நடுவில் கேமரா. எங்களைப் பார்த்து ஒருத்தர் வாயில் விரல் வைத்து நிறுத்தினார். நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றோம். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு தூக்குச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நீ அந்த வீட்டுப் படி ஏறினாய். உள்ளே இருந்து ஒரு பெண் வந்தாள். சட்டியைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். 'சேட்டன் எவிடெ?' என்றாள். புருஷன் எங்கே என்று கேட்கிறாள். அவன் செத்துவிட்டான், அதைச் சொல்லத்தான் நீ வந்திருக்கிறாய் என்று பார்க்கிற எங்களுக்கே தெரிந்துவிட்டது. நீ அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், அவள் தலைக்கு மேலே உள்ளே இருந்த வெறும் சுவரைப் பார்த்தாய். அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை. இனிமேல் அங்கே என்ன தொங்கப் போகிறது என்று உனக்குத் தெரியும் அல்லவா? அத்தனை பேர் உன் முன்னால் நின்று அழுததை முன்வரிசையில் இருந்து பார்த்தவன் அல்லவா நீ? பிறகுதான் அவளைப் பார்த்து, 'வரில்ல சேச்சி' என்றாய். அவர் வரமாட்டார் என்று. சத்தமே இல்லாமல் சொன்னாய்.

'ஐயோ, எம் ராசாத்தீ!' என்று ஒரு அலறல். பார்த்தால் நம் அத்தை! முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உன் அம்மா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள், பொத்தின அவளுக்கும் கண்ணீர் வழிகிறது. போச்சு, எல்லாம் பாழாயிற்று என்று நினைத்தேன். அந்தத் தாடி வைத்த டைரக்டர் திரும்பி எங்களைப் பார்த்து, 'ஓ.கே.! பேடிக்கண்டா அம்மாவா, சவுண்டு பின்னெ டப்பிங்கில் சேர்க்கும்' என்று சிரித்தார். பயப்படாதீர்கள் பெரியவரே, சத்தத்தை அப்புறம்தான் சேர்ப்போம் என்று. உன் மாமனார் பக்கம் திரும்பினேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் துடைப்பது போல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தது தெரிந்ததும், 'என்ன மஞ்சு வே இது' என்றார்.

நீ எங்களைப் பார்த்து, 'என்னாச்சு, அம்மாவுக்கு ஒண்ணும் இல்லியே?' என்று ஓடி வந்தாய். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் அதை நான் எப்படிப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. உன் மாமனார் சுற்றி வளைக்காமல் கேட்டார், 'சினிமாவ விடுவியா தம்பி? அப்படின்னா உமா உண்டு.' நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். காக்கிச் சட்டையின் ஓரத்தை உருட்டிக்கொண்டே நின்றாய்.  விடுவேன் என்று சொல்லிவிடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானே மனசுக்குள் சொன்னேன். நீ நிமிர்ந்து சொன்னாய்: 'மாமா, விடுவேன்னு சொன்னா பொய்யாப் போகும். பொய் சொல்லிட்டு உமாவைக் கூட்டிட்டு வர எனக்கு மனசில்ல. இத்தனை நாளும் மத்தவங்க சுவர்ல தொங்கிட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் வாசல் வழியா நடந்து உள்ள வந்திருக்கேன். வந்த அன்னைக்கே வெளிய போன்னு சொல்லாதீங்க மாமா.' சொல்லும்போது உன் குரல் உடைந்தது. அது நடிப்பு இல்லை. அதற்குள் அங்கே 'ரெடி, ரெடி' என்று கூப்பிட்டார்கள். பதில் என்ன என்றே தெரியாமல், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நீ திரும்பிப் போனாய். எலே, நானும் வியாபாரி. நஷ்டம் வரும் என்று தெரிந்தே உள்ளதைச் சொல்கிற ஆளை நான் எங்கே பார்த்தேன்? எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. ஆனால் அந்தப் பெண் உனக்கு இல்லை என்றே முடிவு செய்துவிட்டேன்.

மலை இறங்கும்போது வளைவுகளில் அத்தைக்குக் குமட்டி, உன் அம்மா மடியில் தலையை வைத்துப் படுத்துவிட்டார். வித்துராவில் காரை நிறுத்தச் சொன்னார் உன் மாமனார். ரோட்டோரக் கடையில் இரண்டு டீ வாங்கி, ஒன்றை என் கையில் கொடுத்தார். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: 'சம்மந்தி, கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேருக்குக் கீழ என்ன போடுகது? வியாபாரம்னு போட நெனச்சிருந்தேன். இதைப் பாத்ததுக்குப் பொறவு அப்படிப் போட மனசு வரல்ல.'

 நான் பதில் சொல்வதற்குள் கார் கண்ணாடி இறங்கியது. அத்தையின் தலையை மடியில் பிடித்துக்கொண்டபடி உன் அம்மா எட்டிப் பார்த்தாள். உன் போட்டோவுக்காக ஸ்டுடியோ ஏறிச் சண்டை போட்டவள், நீ சினிமாவை விட வேண்டும் என்று காலையில்கூட என்னைக் கண்ணால் கெஞ்சியவள்.

'நடிகர்னு போடுங்க அண்ணே' என்றாள். அவர் தலையாட்டினார். அவளுக்கு அது போதவில்லை. கழுத்தை இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டி, 'துணை நடிகர்னு போட்டுராதீங்க' என்றாள்.

அப்பா